முப்பது வருடம் கழித்து மறுபடி ஒரு எம்ஜிபி: எதை வாங்குவது?

கேள்வி: நான் மதுரைக்காரன். 1983-இல் டாக்டராக இங்கிலாந்து வந்தேன். லெஸ்டரில் ஜூனியர் டாக்டராக இருந்தபோது 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கி ஆறு வருடம் ஓட்டினேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் 1991-இல் விற்றுவிட்டேன். இப்போது வயது 67, ஓய்வு பெற்று டார்பியில் இருக்கிறேன். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். மறுபடி ஒரு எம்ஜிபி வாங்க ஆசை. 14,000 பவுண்டு ஒதுக்கி, மூன்று வண்டிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். 1969 சிவப்பு ரோட்ஸ்டர், கம்பி வீல், 'முழுதும் புதுப்பித்தது' என்கிறார் வியாபாரி, 13,950 பவுண்டு. 1978 ரப்பர் பம்பர் ரோட்ஸ்டர், இருபது வருடத்துக்கு மேல் ஒருவரே வைத்திருக்கிறார், 6,800. 1973 ஜிடி, அதாவது கூரை மூடிய எம்ஜிபி, 7,500. எதை வாங்கலாம்? என் பழைய வண்டியின் நம்பர் இன்னும் மறக்கவில்லை, அதைத் தேடிப் பிடிக்கலாமா? முட்டிவலி கொஞ்சம் உண்டு. 'இந்த வயதில் இது எதற்கு, பேசாமல் ஒரு மஸ்டா வாங்குங்கள்' என்கிறார் மனைவி. என் அப்பாவிடம் அம்பாசடர் இருந்தது, ஸ்பேனர் பிடிக்கத் தெரியும்.

பதில்: டாக்டர் சார், வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்த 1978 ரப்பர் பம்பர் வண்டி. அடியில் துரு இல்லையென்றால் அதையே வாங்குங்கள். மீதிப் பணம் பேங்கில் இருக்கட்டும், அதற்கு வேலை வரும்.

நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. 1972 வண்டியில் பளபளவென்று குரோம் பம்பர் இருந்திருக்கும். அதை ஓட்டியவருக்கு இந்தக் கறுப்பு மூக்கைப் பார்த்தால் பிடிக்காது. 1974 இலையுதிர் காலத்தில் எம்ஜிக்காரர்கள் இதை விரும்பிப் போடவில்லை. அமெரிக்கா அவர்களுடைய பெரிய சந்தை. மெதுவாக இடித்தால் விளக்குகள் உடையக் கூடாது, பம்பர் இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. புதிதாக ஒரு காரை வடிவமைக்கக் காசில்லாத கம்பெனி, ரப்பர் மூக்கை மாட்டி, வண்டியை ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கி வைத்துச் சமாளித்தது. அதனால் வளைவில் வண்டி சாய ஆரம்பித்தது, அந்தக் கெட்ட பெயர் இன்றுவரை தொடர்கிறது. ஆனால் 1976-இல் முன்னும் பின்னும் வண்டி சாயாமல் பிடிக்கும் ஆன்டி ரோல் பார் போட்டு அதைப் பெரும்பாலும் சரி செய்துவிட்டார்கள். 1978 வண்டி அந்த நல்ல பக்கத்தில் நிற்கிறது. எலக்ட்ரிக் ஃபேன் இருக்கும், வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இருக்கும், சீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளுக்குப் பதில் ஒரே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கும். அந்த ஒரு அங்குல உயரமும் உங்கள் முட்டிக்கு நல்லதுதான்.

பம்பர் பிடிக்காத ஆட்கள் நிறைய என்பதால் விலை பாதியில் நிற்கிறது. ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்துவிட்டால் பம்பர் கண்ணில் படப் போவதில்லை. வாங்கிய பிறகு குரோமுக்கு மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் காசில் பெட்ரோல் போட்டு ஊர் சுற்றுங்கள்.

இனி அந்தச் சிவப்பு 1969. 'முழுதும் புதுப்பித்தது' என்று எழுதியிருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, புதுப்பிக்கும்போது எடுத்த போட்டோ எங்கே என்பது. எம்ஜிபியில் தனியாக சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில் இருக்கிறதே, அது வெளியே தெரியும் ஒற்றைத் தகடு இல்லை. உள்ளே ஒரு தகடு, நடுவில் ஒரு தகடு, வெளியே ஒன்று, அடியில் கோட்டை மதில் போல வளைத்த இன்னொரு பகுதி. இத்தனையும் சேர்ந்துதான் மேற்கூரை இல்லாத வண்டியை நடுவில் மடங்காமல் தாங்குகின்றன. உள்ளே ஈரம் தங்கி, உள்ளிருந்துதான் துருப் பிடிக்கும். முறையாகச் செய்வதென்றால் முன் ஃபெண்டரைக் கழற்ற வேண்டும், பின் ஃபெண்டரின் கீழ்ப்பகுதியை வெட்ட வேண்டும், தரையோடு சேர்த்துப் புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒழுங்காகச் செய்தால் கூலியே ஆயிரக்கணக்கில் போகும். முறையில்லாமல் செய்வது எப்படி என்றால், இற்றுப்போன சில்லின் மேலேயே ஒரு புதுத் தகட்டை ஒட்டவைத்து, மேலே பட்டி பூசி, சிவப்புப் பெயின்ட் அடித்து விடுவது. முதல் வருடம் எல்லாம் ஜோராக இருக்கும். மூன்றாவது குளிர்காலத்தில் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் நோயாளியைத் தொடுவதற்கு முன் தள்ளி நின்று பார்ப்பீர்கள் அல்லவா, அதே பழக்கம் போதும். நாலு அடி தள்ளிப் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து (முட்டி விடாவிட்டால் ஒரு ஸ்டூல் எடுத்துப் போங்கள்) கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழே வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கி, கீழே அகன்று இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அப்புறம் அனுமதி கேட்டு, ஜாக்கி வைக்கும் இடத்திலேயே ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். தூக்கும்போது கதவு இடைவெளி மாறினாலோ, கதவு பிடித்துக்கொண்டாலோ, வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஜாக்கியே வைக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

கையில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று, அதற்கு மெல்லிய துணி உறை. சில் நெடுக, முன் ஃபெண்டரில் சக்கரத்துக்குப் பின்னால் கீழ் மூலையில், பின் ஃபெண்டரில் கதவுக்குப் பின்னால் வளையும் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான். முன் ஃபெண்டரின் மேல்பக்கம், பானட் ஓரத்தில், உள்ளே சேறு அடைந்து துருப் பிடிக்கும். பேட்டரிப் பெட்டி, டிக்கியின் தரை, கால் வைக்கும் தரையில் கார்ப்பெட்டுக்கு அடியில், எல்லாவற்றையும் தூக்கிப் பாருங்கள். 1969-இல் பேட்டரிப் பெட்டி இரண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும்.

கம்பி வீல் பார்க்க அழகுதான், மறுக்க மாட்டேன். அதில் சக்கரத்தை ஹப்போடு பிணைக்கும் பற்கள், ஸ்ப்ளைன் என்பார்கள், தேய்ந்திருந்தால் முன்னே நகர்த்தி நிறுத்தி, ரிவர்ஸ் எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டு டயரைத் திருகினாலும் ஆட்டம் தெரியும். ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், மொண்ணையாகக் கேட்பது தளர்ந்த கம்பி. வாராவாரம் கம்பி துடைக்கும் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த 1969 உண்மையிலேயே நன்றாகச் செய்த வண்டியாகவும் இருக்கலாம். போட்டோ ஆல்பம், டிங்கரிங் வேலை செய்த பட்டறையின் பில், என்ன தகடு வாங்கினார்கள் என்ற ரசீது எல்லாம் காட்டினால் நானே வாய் மூடிக்கொள்வேன். ஆனாலும் உங்கள் 14,000-ஐ மொத்தமாக விழுங்கிவிடும். பழைய வண்டி வாங்குபவர் முதல் வருடத்துக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்காமல் இறங்கக் கூடாது என்பது நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது.

எஞ்சின் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நல்லது, அதைப் பற்றி அதிகம் கவலைப்படவும் வேண்டாம். உங்கள் அப்பாவின் அம்பாசடர் டீசலாக இல்லாமல் பெட்ரோல் 1489 சிசியாக இருந்திருந்தால், அதுவும் இதுவும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஒரே பி சீரிஸ் எஞ்சின் குடும்பம். எம்ஜிபியில் அதை 1798 சிசியாகப் பெருக்கி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர் மாட்டினார்கள், அவ்வளவுதான். ஐடிலில் அந்தக் குரலைக் கேட்டால் மதுரை டாக்ஸி ஸ்டாண்ட் ஞாபகம் வரும். காலையில் செல்ஃப் எடுத்ததும் ஆயில் பிரஷர் முள் சட்டென்று ஏற வேண்டும். நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐக்கு மேல், ஐடிலில் 15-க்குக் குறையாமல் நின்றால் போதும். கொஞ்சம் ஆயில் ஒழுகுவது இந்த எஞ்சினுக்குச் சகஜம். வண்டிக்கு அடியில் அட்டை போட்டு வையுங்கள். நீலப் புகை, ரேடியேட்டர் தண்ணீரில் ஆயில் படலம், இரண்டாவது கியர் போடும்போது கரகரப்பு, இவை இருந்தால் விலையில் பேரம் பேசுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பணம் கொடுத்துச் சரி செய்யக்கூடிய விஷயம், பாகமும் தாராளமாகக் கிடைக்கிறது. 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஊரில் இருந்த எம்ஜி ஆலையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த வண்டி இது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற கம்பெனி பழைய அச்சுகளை வைத்து முழு உடம்பையே புதிதாக அடித்துக் கொடுக்கிறது. ஒரு பழைய காருக்கு இந்த வசதி அபூர்வம்.

வயரிங்கைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். இந்தக் கார்களுக்கு எலக்ட்ரிக் சாமான் செய்த லூகாஸ் கம்பெனி என்றாலே இங்கே ஒரு நக்கல். நம் ஊரில் 1961 முதல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் செய்த டைனமோவையும் செல்ஃபையும் நம்பி எத்தனை லாரிகள் ஓடின என்று இவர்களுக்குத் தெரியாது. ஐம்பது வருட வயரில் வரும் தகராறில் பெரும்பகுதி எர்த் சரியாகப் பிடிக்காததுதான். முனைகளைக் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும். சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று கேட்பது பெட்ரோல் பம்ப். அது கேட்டால் நிம்மதி. கேட்காமல் போனால் பம்ப்பை ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டி வீடு வந்து சேரலாம், அடுத்த நாளே மாற்றிவிடுங்கள்.

ஜிடி நல்ல கார். இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் பினின்ஃபரீனா கை வைத்த கூரை, மழையில் ஒழுகாது, பின்கதவைத் திறந்தால் வாரச் சந்தைச் சாமான் முழுவதும் போகும். வருடம் முழுக்க ஓட்ட நினைப்பவருக்கு மூன்றில் அதுதான் சரி. ஆனால் முழுக் கடிதத்திலும் நீங்கள் ரோட்ஸ்டர், ரோட்ஸ்டர் என்றே எழுதியிருக்கிறீர்கள். கூரை திறந்த வண்டிக்கு ஏங்கும் ஆளுக்கு ஜிடி ஆறுதல் பரிசுதான். ஒரு கோடையில் அலுத்துவிடும்.

உங்கள் வீட்டம்மா சொன்ன மஸ்டா எம்எக்ஸ்-5 விளையாட்டான யோசனை இல்லை. அவர் சொல்வதில் பாதி நியாயம். 1989-இல் மஸ்டா அதைச் செய்ததே இந்த மாதிரி பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் சந்தோஷத்தை, ஆயில் ஒழுகாமல் கொடுக்கலாமே என்றுதான். காலையில் ஏறி, சாவி போட்டு, ஸ்காட்லாந்து போய்த் திரும்பலாம். பிரேக் பிடிக்கும், ஹீட்டர் சுடும். பின் சில்லில் அதற்கும் துரு உண்டு, அதைப் பார்த்து வாங்கினால் போதும். நீங்கள் ஓட்ட மட்டும் ஆசைப்படுகிறவர் என்றால் நானே மஸ்டாதான் சொல்லியிருப்பேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் மாட்டிக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கார்புரேட்டர் டாஷ்பாட்டில் ஆயில் இருக்கிறதா, கிங் பின்னுக்கு கிரீஸ் போட்டாயிற்றா என்று குடைவதும் உங்கள் ஆசையில் சேர்த்தி. மஸ்டாவில் அதற்கு வேலையே இல்லை.

பழைய நம்பர் விஷயம். வாகனப் பதிவைப் பார்க்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏயின் இணையப் பக்கத்தில் நம்பரைப் போட்டால் வரி கட்டியிருக்கிறதா, சாலையில் ஓட்டாமல் நிறுத்தி வைத்ததாக அறிவித்திருக்கிறார்களா, பதிவுப் பத்திரம் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்பது தெரியும், காசு கிடையாது. 2005-க்குப் பிறகு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனைக்குப் போயிருந்தால் மைலேஜ், குறைகள் எல்லாமே வரிசையாக வரும். இன்று இரவே பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் வராது. உடைமையாளர் பெயரை டிவிஎல்ஏ ஆசைக்காகவெல்லாம் கொடுக்காது. 1930-இல் தொடங்கிய எம்ஜி கார் கிளப் இப்போதும் அபிங்டனில் இருக்கிறது, உறுப்பினரானால் விசாரிக்க வழி பிறக்கும். வண்டி உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள், ஒரு ரவுண்டு ஓட்டக் கேளுங்கள். வாங்குவது வேறு கதை. உங்கள் முகத்தைப் பார்த்ததுமே விற்பவருக்கு விலையை ஏற்றத் தோன்றும், உங்களுக்கும் சில்லைக் குனிந்து பார்க்கத் தோன்றாது. வேறு யாருடைய வண்டி என்றாலும் எவ்வளவு கொடுப்பீர்களோ அதற்கு மேல் ஒரு பவுண்டு கொடுக்காதீர்கள். நம்பர் எந்தப் பதிவிலும் இல்லையென்றால் நசுக்கிப் போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

முட்டியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கார் வாங்கி, ஆறு மாதத்தில் விற்றுவிடும் அறுபது வயதுக்காரர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களில் பலரிடம் துருவோ எஞ்சினோ தகராறு செய்வதில்லை, ஏறி இறங்க முடிவதில்லை. முதலில் பின்பக்கத்தை சீட்டில் வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே சுழற்றுங்கள். கால் முதலில் போனால் முட்டி திருகும். ஸ்டியரிங் பெரிது, தொடைக்கும் அதற்கும் நடுவே கை நுழைகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு 'ஆகா' என்று கை கொடுக்காதீர்கள். நாற்பது நிமிடமாவது, அதில் பாதி டவுன் டிராஃபிக்கில், கிளட்ச்சை மிதித்து மிதித்து ஓட்டுங்கள். வண்டியிலிருந்து இறங்கி நேராக நிற்க முடிகிறதா என்பதுதான் கடைசிச் சோதனை. கூட உங்கள் வீட்டம்மாவையும் அழைத்துப் போங்கள். அவருடைய முட்டியும் அதே வண்டியில்தான் ஏறப் போகிறது.

நீங்கள் இல்லாத இந்த முப்பது வருடத்தில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. நீங்கள் விற்ற காலத்தில் பங்கில் ஈயம் கலந்த நாலு ஸ்டார் பெட்ரோல் கிடைத்தது. 1999 முடிவோடு அது நின்றுபோனது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட் தேயும், அதனால் சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்று பில்லில் தேடுங்கள். இல்லையென்றாலும் பதற வேண்டாம். நிதானமாக ஓட்டினால் தேய்மானம் மெதுவாகத்தான் இருக்கும், பெட்ரோலில் கலக்கும் மருந்தும் விற்கிறார்கள். செப்டம்பர் 2021 முதல் சாதாரணப் பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது கரைக்கும். உங்கள் வண்டிக்கு பங்கில் சூப்பர் பெட்ரோல் என்று கிடைக்கும் இ5 மட்டும் போடுங்கள், வாங்கிய வாரமே பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்றுங்கள். இது ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். சூடான எக்ஸாஸ்டுக்கு அருகில் பெட்ரோல் கசிந்தால் கார் எரிந்துபோகும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே 20டபிள்யூ50 ஆயில்தான். பழைய எஞ்சினுக்கென்று விற்கும் ரகத்தை வாங்குங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு சாலை வரி கிடையாது. தானாக நடக்காது, வரலாற்று வாகனம் என்று பதிவை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், முந்தைய ஆள் செய்திருப்பார். புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் கேட்கும் லண்டன் யூலெஸ், பர்மிங்காம் சுத்தக் காற்று மண்டலம் இரண்டிலும் கட்டணம் இல்லை. மே 2018 முதல் பெரிய மாற்றம் செய்யாத நாற்பது வயது வண்டிகளுக்கு எம்ஓடியும் கட்டாயம் இல்லை. இது எனக்குப் பிடிக்காத சலுகை. வருடத்தில் ஒரு நாள், வண்டிமேல் பாசம் இல்லாத ஒருவர் அதை மேலே தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் செய்துவிடுங்கள். இன்சூரன்ஸில் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் கிளாசிக் பாலிசி எடுங்கள். மைலேஜைக் கட்டுப்படுத்திக்கொண்டால் பிரீமியம் உங்கள் தினசரிக் காரைவிடக் குறைவாகவே வரும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருடம் என்று. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயது தாண்டியிருந்தால் மாற்றுங்கள். நிறுத்தி நிறுத்தியே வைத்திருந்த வண்டிகளில் பட்டன் புதிதாக இருக்கும், ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள்.

பிரேக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை. 1985-இல் இது உங்களுக்கு உறைத்திருக்காது, ஏனென்றால் எதிரில் வந்த பெரும்பாலான கார்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. இப்போது உங்களுக்கு முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் போட்டால் நீங்கள் நினைப்பதற்குள் நின்றுவிடுவார். உங்கள் காலும் இத்தனை வருடம் நவீன பிரேக்குக்குப் பழகிவிட்டது. முதல் சில வாரம் எம்1 மோட்டார்வே பக்கம் போகாதீர்கள். அதிகாலையில், ஆளில்லாத சாலையில், நிற்க எவ்வளவு தூரம் ஆகிறது என்று காலுக்கு மறுபடி கற்றுக் கொடுங்கள். மோட்டார்வே போகும்போது ஓவர்டிரைவ் போட்டால் மணிக்கு 70 மைலில் எஞ்சின் 3,900 சுற்று போல ஓடிக்கொண்டிருந்தது 3,200-க்கு இறங்கிவிடும். ஓட்டிப் பார்க்கும்போதே அது விழுகிறதா என்று சோதித்துவிடுங்கள். காது உடனே சொல்லும்.

டார்பியில் இருப்பவருக்கு ஓட்ட இடமா இல்லை. ஆஷ்போர்னிலிருந்து பக்ஸ்டன் போகும் ஏ515 சாலையில், மே மாதம், இரண்டு பக்கமும் கல் சுவர், மேயும் ஆடு, கூரையை மடக்கிவிட்டு மணிக்கு 50 மைலில் போனாலே 80-இல் போகிற மாதிரி இருக்கும். எம்ஜிபியின் ரகசியமே அதுதான். நூறைத் தொடாத இந்தக் குதிரைத்திறன் இன்றைக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக்குக்கும் உண்டு, டீசல் வேன்காரன்கூட உங்களைத் தாண்டிப் போவான். போகட்டும். லைசென்ஸுக்கு ஆபத்து இல்லாத வேகத்தில் வண்டி முழுவதும் வேலை செய்வதை உணர முடிகிற கார்கள் இப்போது கடையில் கிடைப்பதில்லை. பக்ஸ்டனிலிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்டு போகும் ஏ537-இல் சராசரி வேகக் கேமரா இருக்கிறது, அங்கும் உங்களுக்குக் கவலை இல்லை.

குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போட ஆரம்பித்ததும் உள்ளே விட்டுவிடுங்கள். காற்றோட்டமுள்ள கராஜ் வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது துருவுக்கு விருந்து வைப்பதுதான். நல்ல மழை பெய்து உப்பு கழுவிப்போன, காய்ந்த நாளாகப் பார்த்து, எஞ்சின் முழுதாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். கராஜுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட விட்டு அணைப்பது நல்லது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது ஆயிலிலும் எக்ஸாஸ்டிலும் தண்ணீர் சேர்க்க மட்டுமே உதவும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. 1978 வண்டிக்காரருக்குப் போன் போடுங்கள். பில் கோப்பு இருக்கிறதா, கடைசி எம்ஓடி எப்போது, சில் எப்போதாவது மாற்றினாரா, ஏன் விற்கிறார் என்று கேளுங்கள். இருபது வருடம் வைத்திருந்தவர் இந்தக் கேள்விகளுக்கு மூச்சு விடாமல் பதில் சொல்வார், நீங்கள் போனை வைக்கத்தான் கஷ்டப்படுவீர்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் தகராறு செய்கிறது என்று சந்தேகப்படலாம். பிடித்திருந்தால் அன்றே பணம் கொடுக்காமல், பக்கத்து எம்ஓடி நிலையத்தில் ஒரு சோதனைக்கு நாள் கேளுங்கள். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு, அதை நீங்களே கட்டுங்கள். லிஃப்டில் ஏற்றியதும் அடியில் நின்று மேலே பார்த்து, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சில்லின் அடிப்பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், குறுக்குச் சட்டத்தின் இரண்டு முனை, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், இந்த நாலும் தெளிவாக விழட்டும். அவர் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், மாதத்துக்கு எத்தனையோ 1977, 1979 வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன.